ஆவுடையப்பன் ஓசூரிலிருந்து சர்வரைத் திறந்த கதை

பனையடிக்குளத்துக்காரர்கள் மகா புத்திசாலிகள். பனையடிக்குளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஊர் ஜாதகப் பரிவர்த்தனை மையத்தின் மேனேஜர் ஆவுடையப்பன், அந்தப் புத்திசாலிகளுக்கே யோசனை சொல்கிறவர். பதினோராயிரம் ஜாதகங்களை வயிற்றில் வைத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் பக்கத்தில் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருக்கும்.

ஓசூரில் அவர் மகளுக்குப் பிரசவ நேரம். மனைவி முன்னாலேயே போய்விட்டாள். "மக பொறக்கும்போதும் ஆபீஸ்லதான் கெடந்திய. பேரப்பிள்ள பொறக்கும்போதும் அப்படின்னா, இனி அங்கேயே இருந்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அது ஆவுடையப்பன் நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு மாதம் லீவு கேட்டார்.

மையத்தின் தலைவர் தாடையைச் சொறிந்தார். "போயிட்டு வாரும் ஓய். ஆனா அங்க இருந்தே சர்வரத் திறந்து வேலை பாக்கணும். திங்கக்கிழம பத்து மணிக்கு ஒரு ஜாதகம் கேப்பேன். எடுத்துத் தரலன்னா அடுத்த பஸ்ல திரும்பி வந்திரணும்."

சென்னை இன்ஜினியர் ஒருவர் போனிலேயே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். கடைசியில் இரண்டு எச்சரிக்கை சொன்னார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக்கூடாது, எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் ஆபீஸ் செல்போனுக்கு ஓ.டி.பி. வரும், அந்தப் போனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னா எனக்கும் சேத்துத்தானே?" என்றார் ஆவுடையப்பன்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க மத்தியானத் தூக்கத்துல பேசுறவிய" என்றாள் டைப்பிஸ்ட் பேச்சியம்மாள்.

கிளார்க் சுடலைமணி வழி சொன்னான். "ஆளுக்கு நாலு எழுத்து அடிப்போம். ஒருத்தர் அடிக்கையில மத்த ரெண்டு பேரும் செவரப் பாத்துத் திரும்பி நிப்போம்."

அப்படியே செய்தார்கள். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத பாஸ்வேர்டு தயாராகிவிட்டது. ஆனால் ஓசூரில் அதை அடிக்க மூன்று பேரும் போகவேண்டுமே!

"அப்ப ஆபீஸ யாரு பாப்பா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"ஆள் இல்லாம ஆபீஸ் நடக்கத்தானே இம்புட்டு ஏற்பாடும்?" என்றார் ஆவுடையப்பன். மற்ற இருவரும் அவர் அறிவை வியந்தார்கள்.

செல்போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, துணியில் சுற்றி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கிளம்பும்போதுதான் தலைவர் கையெழுத்துப் போட்ட வாசல் பலகை கண்ணில் பட்டது. 'கடைசியாக வெளியேறுபவர் மெயின் சுவிட்சை அணைக்கவும்.' அணைத்தால் சர்வர் செத்துவிடும். அணைக்காவிட்டால் தலைவரின் கையெழுத்துக்கு என்ன மரியாதை? அரைமணி நேரம் மூவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

"கடைசின்னு ஒருத்தர் இருந்தாத்தானே அண்ணாச்சி?" என்றான் சுடலைமணி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றைக் கதவு வாசலில் பாய்ந்தார்கள். முதல் தடவை நடுவில் மாட்டிய பேச்சியம்மாளின் வளையல் இரண்டு உடைந்தது. இரண்டாம் தடவை சுடலைமணிக்குச் சட்டைப் பொத்தான் போயிற்று. மூன்றாம் தடவை மூவரும் சேர்ந்தே தெருவில் விழுந்தார்கள். எதிர் டீக்கடைக்காரரிடம், யாரும் கடைசியாக வரவில்லை என்று சாட்சியும் வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ஓசூரில், மருமகனின் லேப்டாப்பில் ஆளுக்கு நாலெழுத்து அடித்தார்கள். மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். மருமகன் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். திரை ஓ.டி.பி. கேட்டது.

"போன் எங்கல?"

"பத்திரமா இருக்கு அண்ணாச்சி" என்றான் சுடலைமணி பெருமையாக.

பாஸ்வேர்டு அடித்த லேப்டாப்பை அப்படியே திறந்து வைத்துவிட்டு, மற்ற இருவரையும் பீரோ சாவியோடு அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார் ஆவுடையப்பன். ஞாயிற்றுக்கிழமை பேத்தி பிறந்தாள். கையில் வாங்கியதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இதை விட்டுவிட்டு நாளைக்கே பஸ் ஏறுவதா?

திங்கள் பத்து மணிக்குத் தலைவர் போனில் கேட்டார்: "உத்திராடம், பி.எட். படிச்ச பொண்ணு." சுடலைமணி ஆபீஸிலிருந்து புது ஓ.டி.பி.யை வாசித்தான். ஆவுடையப்பன் அடித்தார். ஆபீஸ் திரை ஓசூரில் பளிச்சென்று திறந்தது! அவர் தேட ஆரம்பித்த நிமிஷமே போனில் சுடலைமணியின் அலறல் கேட்டது.

"அண்ணாச்சி, திருடன்! இங்க நான் தொடாமலே மவுஸ் ஓடுது!"

"என்னத்தத் தேடுதான்?"

"உத்திராடத்துக்குள்ள போறான்!"

"ஐயையோ, நானும் அதத்தாம்ல தேடுதேன்! முந்திருவான் போலிருக்கே!"

"பி.எட். பொண்ண எடுத்துட்டான் அண்ணாச்சி!"

"எனக்கும் இங்க தெரியுது! வயரப் பிடுங்குல!"

சுடலைமணி பிடுங்கினான். ஓசூரில் ஜாதகம் மறைந்தது. "போற போக்குல என் வேலையவும் கெடுத்துட்டானே பாவி" என்று தலையில் அடித்துக்கொண்ட ஆவுடையப்பன், கண்ணைத் துடைத்தபடி பையில் வேட்டியை மடித்து வைத்தார்.

அதற்குள், சுடலைமணி சொல்லித் திருடன் விஷயம் தெரிந்த தலைவர் இன்ஜினியரைக் கூப்பிட்டிருந்தார். "பத்து மணிக்கு ஓசூர்ல இருந்து ஒருத்தர் உள்ளே வந்திருக்கார் சார், அது வேற யாரும்..." என்று இன்ஜினியர் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டு, ஆவுடையப்பனுக்கு அடித்தார்.

"ஓய், திருடன் ஓசூர்க்காரன்! நல்லவேளை, நீரும் அங்கதான் இருக்கீரு. அவனப் பிடிக்காம ஊர்ப்பக்கம் வரக்கூடாது!"

ஆறு மாதமாகிறது. ஆவுடையப்பன் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் தெருத்தெருவாகத் தேடுகிறார். எந்த வீட்டில் லேப்டாப் வெளிச்சம் தெரிந்தாலும் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். போன வாரம் அடுத்த தெரு வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, சந்தேகப்படும்படி யாராவது திரிகிறார்களா என்று விசாரித்தார்.

"இருக்கான் சார். கைக்குழந்தையத் தூக்கிட்டு, ஜன்னல் ஜன்னலா எட்டிப் பாக்குறான். தெனமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவான்" என்றார் வாட்ச்மேன்.

"குழந்தைய வச்சுக்கிட்டா இந்தத் தொழில்!" என்று பதறிப் போன ஆவுடையப்பன், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பேத்தியையும் தூக்கிக்கொண்டு சரியாக ஐந்து மணிக்கு அந்தத் தெருவுக்குக் கிளம்பினார்.