கல்வெட்டு இல்லாத கூரை

விடத்தலூர் ராஜா திருவேங்கைராயனுக்குத் தர்மம் செய்யப் பிடிக்கும். செய்ததைக் கல்லில் வெட்டி வைக்க அதைவிடப் பிடிக்கும். ஊரில் ஆடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குக்கூடக் கல்வெட்டு உண்டு. ஆடுகள் அதை வாசித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கின்றன என்று மந்திரி சொக்கப்பர் நம்பினார்.

ஒரு பங்குனியில் நெசவாளர் தெருச் செங்கமலம் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, எங்க வீட்டுக் கூரையெல்லாம் கல்தளம். உச்சிவேளையில் அடுப்புக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கு. நூல் காய்ந்து பட்டுப்பட்டென்று அறுந்துபோகுது. சூடு இறங்காதபடி கூரையைச் சரிசெய்து கொடுங்க. இல்லாட்டி ஆனி பிறந்ததும் எண்பது குடும்பமும் பக்கத்து நாட்டுக்குப் போறோம்."

சபையில் யோசனை சொல்வது குழைக்காதன் வேலை. யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

"சுலபம் மகாராஜா," என்றான். "தளத்தின் மேல் மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசினால் போதும். சூடு பானையோடு நின்றுவிடும். வீட்டை இடிக்கவே வேண்டாம்."

மந்திரி கனைத்தார். "பழைய கூரை மேல் பானையா? யார் கண்ணில் படும்? கல்வெட்டை எங்கே வைப்பது? தெருக்கோடியில் புதிதாக ஒரு குளிர்மண்டபம் கட்டுவோம் பிரபு. செப்புக் கூரை. வாசலில் ஆளுயரக் கல்வெட்டு. வெயில் நேரத்தில் தெருவே வந்து உட்காரட்டும்!"

"தறியைத் தலையில் தூக்கிக்கொண்டா?" என்றான் குழைக்காதன்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜாவின் மனம் ஏற்கெனவே அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டது.

மண்டபம் எழுந்தது. 'கருணைக்கடல்' முதலில் வரவேண்டுமா, 'வெப்பம் தீர்த்தான்' முதலில் வரவேண்டுமா என்று புலவர்கள் பதினெட்டு நாள் சண்டை போட்டார்கள். திறப்பு விழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு வண்டி வண்டியாகப் பானைகள் வந்தன. கீறல் விட்டவற்றை மந்திரி வெளியே எறியச் சொன்னார்.

"நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்றான் குழைக்காதன்.

"உமக்கேற்ற பரிசுதான். எடுத்துப் போம்!"

அத்தனையும் செங்கமலத்தின் கூரைக்குப் போய், கவிழ்ந்து சுண்ணாம்பு பூசிக்கொண்டன.

"ஏன் ஐயா, நாடாளும் ராஜா எனக்குக் கொடுத்தது ஓட்டைப் பானைதானா?" என்றாள் அவள்.

"ராஜா கொடுத்ததில்லை அம்மா. மந்திரி எறிந்தது. அதனால்தான் உபயோகப்படும்."

அக்னி நட்சத்திரத்து உச்சிவேளையில் திறப்பு விழா. செப்புக் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. பட்டும் கிரீடமுமாக ராஜா உள்ளே உட்கார்ந்தார்.

"ஆகா, என்ன குளிர்ச்சி!" என்றார் மந்திரி, மூக்கு நுனி வியர்வையைத் துடைத்தபடி. பின்னால் நின்ற புலவர் ஒருவர் பல்லைக் கிடுகிடுவென்று அடித்துக் காட்டினார்.

கிரீடம் நெற்றியைச் சுட்டது. ராஜா குழைக்காதன் பக்கம் மெல்லச் சாய்ந்தார். "குழைக்காதா, இந்த ஊரில் குளிர்ச்சியான இடம் ஏதாவது உண்டா?"

"ஒன்று உண்டு மகாராஜா. ஆனால் அங்கே கல்வெட்டு இல்லை. தாங்கள் வரலாமோ, கூடாதோ..."

"கல்வெட்டைக் கிணற்றில் போடு! நட!"

செங்கமலம் வீட்டில் கோரைப்பாய் விரித்தாள். ராஜா மேலாடையைக் கழற்றிவிட்டு, "சற்றே சாய்கிறேன்," என்றார். பக்கத்தில் தறி ஓடியது. ஓர் இழை அறவில்லை. ராஜாவின் குறட்டையும் அறவில்லை. பொழுது சாயும்போதுதான் கண் விழித்தார்.

"எண்பது வீட்டுக்கும் இப்படியே செய்துவிடலாமே!"

கூடவே வந்திருந்த மந்திரி பதறினார். "செய்யலாம் பிரபு. ஆனால் தங்கள் பெயரை எழுத இங்கே ஓர் இடம்கூட இல்லையே!"

ராஜாவின் முகம் வாடியது. செங்கமலத்தின் கை தறியில் நின்றுவிட்டது.

"அதுவும் சரிதான், குழைக்காதா. கல்வெட்டு?" என்றார் ராஜா.

"வெட்டியாகிவிட்டது மகாராஜா. மந்திரியாரே, ராஜாவின் முதுகைப் பாரும்."

பிடரியிலிருந்து இடுப்புவரை கோரைப்பாயின் தடம், வரிவரியாக, ஆழமாகப் பதிந்திருந்தது.

"மண்டபத்துக் கல்லில் இருந்ததை ராஜாவே நம்பாமல் ஓடி வந்துவிட்டார். இது அவரே படுத்து எழுதியது."

ராஜா முதுகைத் தடவிப் பார்த்தார். தெருவே அதிரச் சிரித்தார். எண்பது வீட்டுக்கும் பானை போக உத்தரவாயிற்று. ராஜாவின் முத்துமாலை குழைக்காதன் கழுத்துக்கு வந்தது.

"அப்படியானால் அந்த மண்டபம்?" என்றார் மந்திரி, ஈனக்குரலில்.

"வீணாக்கக் கூடாது," என்றான் குழைக்காதன். "நாளை முதல் உச்சிவேளையில் நீர் போய் உட்காரும். அந்தக் கல்வெட்டை வாசிக்க ஓர் ஆளாவது வேண்டாமா? ஆடுகள் எல்லாம் நிழலுக்குப் போய்விட்டன."