கஸ்பாரின் இருநூற்றுப் பதினேழு இடங்கள்

தூத்துக்குடியில் ஒரு குருவுக்கு ஒரே ஒரு சீடர் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்து இரண்டு.

குருவின் பெயர் ஜெசிந்தா. கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாடி அறையில் உட்கார்ந்து, பழுதான செல்போன், ரேடியோ, பழைய கணினி என்று கையில் கிடைப்பதையெல்லாம் பிரித்துப் பார்ப்பார். கண்டுபிடித்ததை வலைப்பூவில் சின்னச் சின்னக் குறிப்பாக எழுதுவார். போனில் இடம் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது, எந்த மென்பொருள் இலவசம், எது ஏமாற்று. தன்னைக் குரு என்று அவர் நினைத்ததே கிடையாது.

நினைத்தவர் பேச்சிமுத்து. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவ்வளவு பெரிய இயந்திரத்தை ஆட்டிவைத்த கைக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மிக்சியைப் பிரித்தார். பிரித்தது திரும்பச் சேரவில்லை. அடுத்த மிக்சியை அவர் மனைவி பூட்டி வைத்தார். பிறகு ஒருநாள் வலைப்பூவைப் படித்துவிட்டு, முகவரி விசாரித்துக்கொண்டு ஜெசிந்தாவின் மாடிப்படி ஏறிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு குறிப்பையும் எண் போட்டு நோட்டில் எழுதி வருகிறார்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் கேட்டார். "மிஸ், முந்நூத்திப் பதினோரு குறிப்பு ஆயிட்டு. இதுல மொதல்ல கத்துக்கிட வேண்டியது எது?"

கேட்கும்போதே அவர் கை ஓர் எமர்ஜென்சி விளக்கின் இரண்டாவது ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு விளக்கு. எரியவில்லை என்று கொண்டுவந்திருந்தார்.

ஜெசிந்தா அவர் கையிலிருந்த திருப்புளியை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தார். விளக்கை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் அண்ணாச்சி."

பேச்சிமுத்து திருப்புளியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார். '312. திருப்புளியை எப்போதும் மேசையின் வலப்பக்கம் வைக்கவும்.'

ஜெசிந்தா அதைப் படித்தார். விளக்கை எடுத்து அலமாரியில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு ஞாயிறு, பேச்சிமுத்து மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் கடலில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி.

"மிஸ், கெடுத்துட்டேன்."

"என்னத்த?"

"கஸ்பாரோட கருவிய."

கஸ்பார் நாட்டுப்படகுக்காரர். காலை டீக்கடையில் பேச்சிமுத்துவுக்குச் சிநேகம். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறவர். தூண்டில்காரருக்குக் கடலில் எல்லா இடமும் ஒன்றல்ல. அடியில் பாறைத் திட்டு இருக்கிற இடத்தில்தான் மீன் நிற்கும். அந்தத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே தண்ணீர். கஸ்பார் பதினாறு வருடமாகத் தேடித் தேடி ஒவ்வொரு பாரையும் இந்தக் கருவியில் புள்ளியாகக் குறித்து வைத்திருந்தார். ஞாயிறன்று அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கருவி சும்மா இருக்கிற நாள் அது ஒன்றுதான். அதனால் காலையில் பேச்சிமுத்து, புது வரைபடம் போட்டுத் தருகிறேன் என்று ஆசையாக வாங்கி வந்திருக்கிறார்.

"மெமரி கார்டுல எடம் இல்லன்னு காட்டுச்சு. வரைபடந்தான் அதுல இருக்கு, புள்ளியெல்லாம் கருவிக்குள்ள இருக்குன்னு நெனச்சு, கார்டைச் சுத்தமா தொடச்சிட்டேன். மாட்டிப் பாத்தா ஒரு புள்ளியும் இல்ல மிஸ்."

"பொறகு?"

"கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிருந்த பழைய வரைபடத்தைத் திரும்பப் போட்டா புள்ளியும் கூட வந்திரும்னு போட ஆரம்பிச்சேன்."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். "முழுசும் போட்டீங்களா?"

"இல்ல. ரெண்டு சதவீதம்னு காட்டுச்சு. பயந்துபோயி வயரைப் பிடுங்கிட்டு ஓடி வாரேன்."

"இன்னைக்கு நீங்க செஞ்சதுலயே அது ஒண்ணுதான் நல்லது."

அவர் கார்டை எடுத்து, கணினியில் செருகுகிற பெரிய உறைக்குள் போட்டார். உறையின் ஓரத்தில் இருந்த சின்னப் பூட்டை நகத்தால் தள்ளினார். "இனி இதுல யாரும் எதையும் எழுத முடியாது. நீங்களும் முடியாது, நானும் முடியாது."

"கார்டு காலின்னு சொல்லுதே மிஸ்."

"சொல்லும். பொஸ்தகத்துல எந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு முன்னால ஒரு பட்டியல் இருக்குமில்ல, அதைத்தான் கிழிச்சிருக்கீங்க. உள்ள இருக்கிற பக்கமெல்லாம் அப்படியே இருக்கும். மேல புதுசா எழுதினாத்தான் போகும்."

பேச்சிமுத்துவுக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அந்த நகத்தளவு கார்டைக் கோயில் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஜெசிந்தா கார்டு முழுவதையும், காலி என்று அது சொல்கிற இடத்தையும் விடாமல், அப்படியே நகல் எடுக்கக் கணினிக்குச் சொன்னார். தேடுவதெல்லாம் நகலில்தான். திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம்?"

"நாலரை மணி ஆயிரும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?"

"உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காந்தே இருங்க."

உட்கார்ந்தார். சும்மா உட்காருவது அவருக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். ஐந்து நிமிடத்தில் கை மவுசுக்குப் போயிற்று. ஜெசிந்தா பார்த்தார், கை திரும்பியது. வேறொரு மீட்பு மென்பொருள் இருக்கிறதாம், போனில் படித்தாராம், அதையும் போட்டுப் பார்க்கலாமா என்றார். ஜெசிந்தா மவுசைத் தள்ளி வைத்தார். கை மறுபடி நீண்டது. இம்முறை அவரே இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

நாலரை ஆகப்போகும்போது, பேச்சிமுத்துவின் வீட்டில் விசாரித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு கஸ்பாரே வந்துவிட்டார். "முடிஞ்சுதா அண்ணாச்சி? நாளைக்கு விடியமுன்ன கடலுக்குப் போவணும்லா, அதான் வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

பேச்சிமுத்து எழுந்து நின்றார். "கஸ்பாரு, ஒம் புள்ளியெல்லாம் அழிச்சிட்டேன்."

கஸ்பார் சிரித்தார். பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

"பாரை எவன் எழுதி வைப்பான் அண்ணாச்சி? எம் மச்சான் கண்ணுல பட்டா மறுநாள் அவன் படகு அங்க நிக்கும்." கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அதுல அஞ்சு எங்கப்பா காட்டுனது. அவுக போய் நாலு வருசம் ஆச்சு. இனி யார்ட்ட கேக்க?"

பேச்சிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவமானத்தில் காது சிவந்து கிடந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் ஜெசிந்தா. கோடு முடிந்திருந்தது.

நகலைத் திறந்தார். திரை முழுக்கப் பூஜ்யம். கீழே நகர்த்தினார். பூஜ்யம். இன்னும் கீழே, யாருக்கும் புரியாத எழுத்துக் குப்பை. ஜெசிந்தாவின் விரல் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அப்படியே போய்க்கொண்டிருந்தபோது குப்பையின் நடுவில் ஒரு வார்த்தை நின்றது.

அந்தக் கருவியில் தமிழ் எழுத்து கிடையாது. கஸ்பார் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி வைத்திருந்தார். ஜெசிந்தா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மாதா... பார்."

கஸ்பார் எழுந்துவிட்டார்.

"வலை கிழிஞ்ச எடம்."

"அது நாந்தான் வச்சேன்" என்றார் கஸ்பார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரிய விளமீன். மழையில பாத்தது. எஞ்சின் நின்ன எடம். மச்சான் வாந்தி எடுத்த எடம். மூத்தவ பொறந்த அன்னிக்கு. ஆமை. ரெண்டாவது ஆமை. காலி என்று அடித்துச் சொன்ன கார்டுக்குள்ளிருந்து ஒரு மனிதனுடைய பதினாறு வருடக் கடல் மேலே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இடத்தைச் சொல்கிற எண், ஒரு புள்ளிகூடப் பிசகாமல். பேச்சிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. அழுகிறோம் என்று தெரியாமலே அவர் அழுதுகொண்டிருந்தார்.

அப்பா காட்டுனது ஒண்ணு. அப்பா காட்டுனது ரெண்டு. மூணு.

அஞ்சு.

ஜெசிந்தா மேலே போனார், கீழே வந்தார். இன்னொரு முறை தேடினார். நாலு இருந்திருக்க வேண்டிய இடத்தில் பழைய வரைபடத்தின் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.

"மொத்தம் எவ்வளவு இருந்துச்சு?"

"இருநூத்திப் பதினேழு."

"இருநூத்திப் பதினாறு வந்திருக்கு. ஒண்ணு வராது. அதுக்கு மேல எழுதியாச்சு."

பேச்சிமுத்து கஸ்பாரைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்தார். அந்த ரெண்டு சதவீதம் அவருடையது.

கஸ்பார்தான் முதலில் பேசினார். "நாலாவது எடத்துல நின்னா மாதா கோயில் உச்சியும் லைட் அவுஸும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு தெரியும். அந்த நேர்கோட்டுலதான் எங்கயோ இருக்கு. கரையில இருந்து எவ்வளவு தூரம்னுதான் தெரியாது. தேடிக்கிடுதேன்."

"கெடைக்கலேன்னா?" என்றார் பேச்சிமுத்து, தலை நிமிராமல்.

"கெடைக்கலேன்னா அங்க உள்ள மீனு கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கும்." கிடைத்த புள்ளிகளை ஜெசிந்தா புதுக் கார்டில் ஏற்றி மாட்டிக் கொடுக்க, கஸ்பார் கருவியை வாங்கிக்கொண்டார். படியிறங்கும் முன் திரும்பினார். "நாளைக்கு நீங்களும் வாங்க அண்ணாச்சி. தேட ஒரு கண்ணு கூட இருந்தா நல்லது."

அடுத்த ஞாயிறு பேச்சிமுத்து மாடி ஏறி வந்தார். மூக்குத் தோல் உரிந்திருந்தது. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் கஸ்பாரோடு கடலுக்குப் போயிருக்கிறார்.

"நாலாவது பார் கெடைச்சுதா?"

"இல்ல மிஸ்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"கஸ்பாரு எஞ்சினை நிறுத்திட்டு, ஈயக்குண்டு கட்டின கயித்தை இறக்கிட்டு, சும்மா நிக்கான். என்னப்பா செய்யுதன்னு கேட்டேன். பேசாம இரிங்க, கீழ இருந்து சொல்லும்னான். எங் கையில குடுத்தான். பதினெட்டுப் பாகம், நூறு அடிக்கு மேல ஆழம் மிஸ். குண்டு சேத்துல விழுந்தா ஒண்ணும் தெரியல. கல்லுல பட்டா கயித்துல ஒரு நடுக்கம் வருது. விரல் வரைக்கும் வருது." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருசம் கிரேன்ல எத்தனை ஆயிரம் தடவை கயிறு எறக்கியிருப்பேன். கீழ இருந்து எனக்கு ஒண்ணும் சொன்னதில்ல. சொல்லியிருக்கும். நான் கேக்கல."

ஜெசிந்தா கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்தார்.

"புதுசா ஒரு பார் கெடைச்சுது. பேரு போட்டு வச்சிருக்கான். இப்ப மறுபடி இருநூத்திப் பதினேழு."

"என்ன பேரு?"

"கிரேன் அண்ணாச்சி வாந்தி எடுத்த எடம்."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தார். பேச்சிமுத்துவும் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது.

"இனிமே யார் பொருளையும் தொட மாட்டேன் மிஸ்."

ஜெசிந்தா எழுந்துபோய், அலமாரியிலிருந்து அந்த எமர்ஜென்சி விளக்கை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் திருப்புளியையும் வைத்தார். திரும்பத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பேச்சிமுத்து திருப்புளியை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தார். கடிகாரத்தில் கால் மணி நேரம் போயிற்று. அவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"மிஸ்."

"சொல்லுங்க."

"சார்ஜ் போடுத எடத்துல உப்புக்காத்துப் பட்டுப் பச்சையா பூத்திருக்கு. பின் மூடி இந்தப் பக்கம் லேசா உப்பியிருக்கு. உள்ள பேட்டரி வீங்கி நெருக்குது. அன்னைக்கு நான் நெம்பியிருந்தா குத்தியிருப்பேன்."

ஜெசிந்தா வந்து, குனிந்து பார்த்தார். திருப்புளியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இப்ப திறங்க அண்ணாச்சி."