அளந்தான் அளந்த கோல்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட்ட ஒரு நாட்டில், வீரகேதனன் என்ற அரசன் குதிரையிலிருந்து விழுந்தான். விழுந்தது குதிரைதான், தான் இறங்கிக்கொண்டதாக அரசன் சொன்னான். அரசன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் குதிரை எழுந்து நேராக நின்றது. அரசனுடைய வலது முழங்கால்தான் நிற்க மறுத்தது.

அரண்மனை வைத்தியர் எண்ணெய் விட்டு நீவினார், பற்றுப் போட்டார், கட்டுக் கட்டினார். கடைசியில் தயங்கித் தயங்கி, "கொஞ்ச காலம் ஊன்றுகோல் பிடித்து நடந்தால் நல்லது" என்றார். அரசன் முகம் கறுத்துவிட்டது.

"செங்கோல் பிடித்த கையில் ஊன்றுகோலா?" என்று கேட்டான்.

வைத்தியர் முழங்காலில் போட்ட கட்டை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.

அந்தச் சமயம் பார்த்து அண்டை நாட்டிலிருந்து தூதன் வருவதாகச் செய்தி வந்தது. எல்லையில் படையை நிறுத்திவைத்துவிட்டு நட்புப் பேச வருகிறவன் அவன். அரசன் எப்படி நடக்கிறான் என்று பார்த்துப் போகத்தான் வருகிறான் என்பது அரண்மனைச் சமையல்காரனுக்குக்கூடத் தெரியும். கொலுமண்டபத்து வாசலிலிருந்து சிம்மாசனம் வரை, முகம் தெரியும்படி இழைத்த கல்தரையில், சபை முழுதும் பார்க்க அரசன் நடந்தே தீர வேண்டும்.

பிரதானி அகோரமூர்த்தி முந்திக்கொண்டார். அரசனுக்கு அடுத்தபடி அந்த நாட்டில் செல்லுபடியாவது அவர் பேச்சுதான். சந்தனமரத்தில் கடைந்து, தலைப்பில் பொன் யாளியும் அடியில் வெள்ளிப் பூணும் வைத்து, அரசனின் மார்பு உயரத்துக்கு ஒரு கோல் கொண்டுவந்தார். உயர்ந்த மன்னருக்கு உயர்ந்த கோல் என்று விளக்கமும் சொன்னார். நந்தவனத்துக் கல்பாதையில் அரசன் அதை ஊன்றிப் பார்த்தான். தோள் காதுவரை ஏறியது. யாளியின் பல் உள்ளங்கையில் குத்தியது. வெள்ளிப் பூண் கல்லில் வழுக்கியது. அடுத்த கணம் அரசன் மல்லிகைப் பந்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். சிரிக்கவைக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒருவன் மட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் பெயர் உலகளந்தான். பிள்ளை வளர்வான் என்று நம்பி அவன் அப்பா வைத்த பெயர் அது. வளர்ந்தது அரசனின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சபையில் சுருக்கி அளந்தான் என்பார்கள். கதை அளக்கிறவன் என்ற பொருளும் அதில் சேர்ந்துகொண்டதில் அவனுக்கு வருத்தம் இல்லை. இளவயதில் கழைக்கூத்தாடி. கயிற்றிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, நெடுநாள் கோல் ஊன்றி நடந்தவன்.

அவன் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவிடவில்லை.

"பிரதானியார் கோலில் ஒரு குறையும் இல்லை, பெருமானே. மன்னர்தான் அதன் அளவுக்குப் பொருந்தவில்லை."

அரசன் பந்தலை விட்டுவிட்டுத் திரும்பினான். "அப்படியானால் என் அளவுக்கு நீ கொண்டு வா. தூதர் வரும் நாளில் அதை ஊன்றித்தான் நடப்பேன். செங்கோல் என் வலக்கையை விட்டு நீங்கக் கூடாது. கால் இடறக் கூடாது. கை நோகக் கூடாது. எது தவறினாலும் உன் தலை உனக்குச் சொந்தமில்லை."

அகோரமூர்த்தி பணிவாகக் குனிந்தார். "அடியேன் நினைவூட்ட வேண்டியது ஒன்று உண்டு, பெருமானே. மன்னர் திருமேனிமீது அளவுநூல் படக் கூடாது. மனிதனை நூல் பிடித்து அளப்பது பாடை கட்டத்தான்."

"ஆம், நூல் படக் கூடாது" என்றான் அரசன்.

அந்த நாட்டில் கோலைப் பற்றி ஏற்கெனவே ஒரு சட்டமும் இருந்தது. அரசனின் பாட்டனை ஊர் கொடுங்கோலன் என்று பேசியது. கோல் நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். அந்தப் பேச்சு பேரனுக்கு ஆறாத புண். அதனால், அரசன் கையில் இருப்பது கொடுங்கோல் என்று எவன் வாயால் சொன்னாலும் அவன் தலை போகும் என்று ஒரு சட்டம். எழுதியவர் அகோரமூர்த்தி. யார் எவர் என்று பார்க்காமல் நிறைவேற்றியவரும் அவரே. பாடம் சொல்லும் அரண்மனைப் புலவர்கூட அந்தச் சொல் வரும் இடத்தில் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

வீட்டில் அளந்தானின் மனைவி செங்கமலம் விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ராசா விழுந்தா விழட்டும்னு விட வேண்டியதுதானே. உங்களை யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

"விட்டிருக்கலாம். ஆனா அந்தக் கோலை வெச்சுக்கிட்டு மண்டபத்துல நடந்தா மனுசன் நிச்சயம் விழுவாரு. விழுந்தா எல்லையில நிக்கிற படை உள்ள வரும். அப்ப உன் தலையும் என் தலையும் ஒண்ணாத்தான் போகும்."

"இப்ப உங்களது மட்டும் தனியாப் போகப்போகுது" என்றாள் செங்கமலம். சொன்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அளந்தானுக்குப் பயமாக இருந்தது. வேடிக்கையாக ஏதாவது சொல்லி அவளைத் தேற்ற நினைத்தான். கடைசியில் கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

மரம் தேடுவதாவது நம் கையில் இருக்கிறதே என்று அதில் இறங்கினான். கருங்காலி உறுதிதான், ஆனால் அதைச் சுமப்பதற்கே இன்னொரு கோல் வேண்டும். மூங்கில் இலேசு, நடுவில் விரிந்துவிட்டால் போயிற்று. பிரம்பு பாரம் தாங்காமல் வில்லாக நெளியும்.

"வேலியில நிக்கிற பூவரசுக்கு என்ன கேடு? வண்டி பாரத்தையே தாங்குற மரம். பேருலயே அரசு இருக்கு" என்றாள் செங்கமலம்.

போய்ப் பார்த்தான். வைரம் பாய்ந்த ஒரு கிளை நேராக ஓடி, நுனியில் தானாகவே வளைந்து நின்றது. உள்ளங்கையை வைத்தான். வளைவு கைக்குள் உட்கார்ந்துகொண்டது. நேர்க்கோலைப் பிடித்தால் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். இதில் கை முழுதும் பாரத்தை வாங்கிக்கொள்ளும். அரசனுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது.

செங்கமலம் கிளையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, வளைஞ்ச கோலை ராசா கையில கொடுத்தா அதுக்குப் பேரு..."

அளந்தான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். "சொல்லாத. நம்ம வீட்டுல யாரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது." சொன்னவன் அப்படியே நின்று யோசித்தான். பிறகு அரிவாளை எடுத்தான்.

மறுநாள் நந்தவனத்தில் அரசனிடம் போனான். கொலுவுக்குப் போடும் கனத்த பாதரட்சையைப் போட்டுக்கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டான். அரசனின் இடப்பக்கம் நின்று, "இன்று கோல் எதுவும் வேண்டாம், பெருமானே. என் தோளில் கை வைத்து நடக்கலாம்" என்றான்.

"நோவது வலது கால். இடப்பக்கம் நின்று என்ன பயன்?"

"வலது கால் முன்னே போகும்போது எந்தக் கை கூடவே வீசுகிறது என்று பார்த்தருள வேண்டும்."

அரசன் நடந்தான். வலது கால் எடுத்து வைக்க, இடது கை தானாக முன்னே வந்து அளந்தான் தோளில் இறங்கியது. முழங்கால்மேல் விழ வேண்டிய பாரம் தோள்மேல் விழுந்தது. முழங்கை இலேசாக மடிந்திருந்தது. தோள் ஏறவில்லை, முதுகு குனியவில்லை. தடாகம் வரை போய்த் திரும்பியபிறகுதான், முகம் சுளிக்காமல் நடந்துவந்ததை அரசன் கவனித்தான்.

அளந்தான் வீட்டுக்கு ஓடி, கதவு நிலையை ஒட்டி நின்றான். "என் தோள் எங்க வருதோ அங்க கரியால ஒரு கோடு இழு" என்றான் செங்கமலத்திடம். அந்த உயரத்துக்குப் பூவரசை அறுத்தான். அடியில் வெள்ளியும் வேண்டாம் இரும்பும் வேண்டாம் என்று எருமைத்தோலைச் சொரசொரப்பு வெளியே தெரிய இறுக்கிக் கட்டினான். தோளை வைத்துக் கோல் செய்தாயிற்று. தோளுக்கு மேலே இருப்பது தங்குமா என்பதுதான் தெரியவில்லை.

தூதன் வந்த அன்று கொலுமண்டபத் தரையை அகோரமூர்த்தி மெழுகு போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார். விருந்தினருக்கு மரியாதையாம். வாசலில் அரசன் நின்றான், வலக்கையில் செங்கோல், இடக்கையில் பூவரசு. தூதனின் கண் அரசனின் முகத்தில் இல்லை, முழங்காலில் இருந்தது. அளந்தான் தூண் ஓரமாக நின்று தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டான்.

கோல் முன்னே போனது, கால் பின்தொடர்ந்தது. தோல் கல்லைக் கவ்விப் பிடித்தது, சத்தமே இல்லை. பாதி தூரத்தில் அரசனின் வலது பாதம் மெழுகில் சற்றுச் சறுக்கியது. சபை மூச்சை நிறுத்தியது. கோல் அசையவில்லை. அரசன் அதில் ஒரு கணம் நின்று, ஏதோ நினைத்துக்கொண்டவன் போலத் தூதனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மேலே நடந்து சிம்மாசனத்தில் அமர்ந்தான்.

அளந்தான் மூச்சு விடுவதற்குள் அகோரமூர்த்தி எழுந்தார்.

"பெருமானே, ஓர் ஐயம். மன்னர் இடக்கையில் இருப்பது நேரானதா, வளைந்ததா? செய்தவன் சொல்லட்டும்."

மண்டபம் குளிர்ந்துவிட்டது. அரசன் தன் கையைப் பார்த்தான். அதுவரை சுகமாக இருந்த வளைவு இப்போதுதான் கண்ணில் பட்டது.

"கீழே நேர், மேலே வளைவு, பிரதானியாரே" என்றான் அளந்தான்.

"வளைந்த கோல் என்று ஒப்புக்கொள்கிறாய்."

"வளைந்த பிடி. வளையாவிட்டால் கைக்குப் பிடிபடாது."

"வளைந்த கோலுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு. அதைச் சபையில் சொல்."

"துறட்டி" என்றான் அளந்தான்.

"அது ஆட்டுக்கு இலை பறிப்பவன் கையில் இருப்பது."

"அப்படியானால் அங்குசம்."

"அது யானைப்பாகன் கையில் இருப்பது. நான் கேட்பது மன்னன் கையில் இருப்பதை." அகோரமூர்த்தியின் குரல் உயர்ந்தது. "நேராக இருந்தால் செங்கோல். வளைந்திருந்தால்?"

"மறுபடி நேராக்க வேண்டிய கோல்."

"சுற்றி வளைக்காதே."

"வளைந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், பிரதானியாரே. அடியேன் படிக்காதவன். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தால் தெரிந்துகொள்வேன்."

தூதன் முன்னால் ஒரு கூத்தாடி தன்னை இழுத்தடிக்கிறான் என்ற ஆத்திரத்தில் அகோரமூர்த்தி நிதானம் இழந்தார். "கொடுங்கோல்" என்றார். "மன்னர் கையில் இப்போது இருப்பது கொடுங்கோல்."

புலவர் இருமினார். ஆனால் தாமதமாகிவிட்டது.

அளந்தான் முன்னே வந்து வணங்கினான். "நான் கொடுத்தது பூவரசங்கோல், பெருமானே. சபை முழுக்கக் கேட்க அதற்கு வேறு பெயர் வைத்தவர் பிரதானியார். அந்தப் பெயரைச் சொன்னவனுக்கு என்ன என்பது, சட்டத்தை எழுதியவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

அகோரமூர்த்தி இரண்டு அடி பின்வாங்கினார். அரசன் சிரிக்கவில்லை. கோலை ஊன்றி எழுந்தான்.

"அவர் சொன்னது குற்றம். ஆனால் கோல் வளைந்திருப்பது மெய். தூதர் ஊருக்குப் போய் என்ன சொல்வார்? பதில் சொல்."

இதற்குப் பதில் அளந்தான் யோசித்து வைத்திருக்கவில்லை. அரசனின் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வலக்கையில் இருப்பது நாட்டைத் தாங்கும் கோல். அது எவர் கைக்கும் வளையக் கூடாது. இடக்கையில் இருப்பது மன்னரைத் தாங்கும் கோல். அது மன்னர் கைக்கு வளைந்துதான் கொடுக்க வேண்டும். கை மாற்றிப் பிடித்தால்தான், பெருமானே, ஆபத்து."

தூதன் தலையை அசைத்து ஒப்புக்கொண்டான். அரசன் அப்போதும் விடவில்லை. "அளவு இத்தனை சரியாக எப்படி வந்தது? என்மீது நூல் பட்டதா?"

"இல்லை. மன்னர் கை வைத்து நடந்த என் தோளை அளந்தேன். ஆகையால் இன்று என் தலையை எடுத்தாலும் மன்னருக்கு நட்டமில்லை. மிச்சம் இருப்பது சரியாக இதே உயரம். கோல் தொலைந்துபோனால் மாற்றுக்கு ஆகும்."

அரசனின் வாய் கோணியது. அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. மண்டபம் அதிர அவன் சிரித்த சிரிப்பில் உடல் பாரம் முழுதும் கோலின்மேல் இறங்கியது. மெழுகிட்ட தரையில் அது அரை விரல்கூட நகரவில்லை. அரசன் சிரித்தபிறகு சபையும் சிரித்தது, அகோரமூர்த்தி ஒருவரைத் தவிர.

"இவர் தலையை என்ன செய்யலாம்?" என்று அரசன் அவரைக் காட்டிக் கேட்டான்.

"எடுக்க வேண்டாம், பெருமானே. தலை போகுமோ என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றான் அளந்தான். இதை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"சட்டம் இருக்கும்வரை எடுக்காமல் இருக்க முடியாதே. ஆகையால் சட்டம்தான் போக வேண்டும். எழுதியவரே அழிக்கட்டும். அழித்துவிட்டு, அவர் செய்த சந்தனக் கோலை அவரே ஊன்றிக்கொண்டு வீடுவரை நடக்கட்டும்." பிறகு அளந்தானைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றான் அரசன்.

"தோள்வரை நான் மன்னரின் கோல். அதற்கு நான் உரிமை கேட்கவில்லை. தோளுக்கு மேலே உள்ளதை எனக்கே மானியமாகப் பட்டயம் போட்டுத் தந்தால் போதும்."

"தந்தேன். சந்திரனும் சூரியனும் உள்ளவரை அனுபவித்துக்கொள்."

"அத்தனை காலம் வேண்டாம், பெருமானே. தானாக விழும்வரை போதும்."

அரசன் மறுபடி சிரித்து, ஒரு பொற்கிழியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினான். செங்கமலம் பொற்கிழியை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் புருஷனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பட்டயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தலைக்குத்தான் எழுதி வாங்கியிருக்கீங்க. வம்பை இழுத்து வர்ற அந்த வாய்க்கு?"

"வாயும் தோளுக்கு மேலதானே இருக்கு" என்றான் அளந்தான்.