மூன்று படகும் மூன்று பானை மோரும்

கடற்காற்று இப்போதைவிட இன்னும் கொஞ்சம் உப்பாக வீசிய காலத்தில், கோமாறன் என்று ஒரு ராஜா இருந்தான், கேளுங்கள். நல்ல ராஜாதான். யார் எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வான், அது ஒன்றுதான் குறை.

மகளை எதிர்த்தீவில் கட்டிக்கொடுத்திருந்தான். தலைப்பிரசவம். வலி கண்டுவிட்டதென்று கட்டுமரத்தில் ஆள் வந்து சொன்னான். ராணி தில்லைநாச்சி மருந்து மூட்டையோடு துறைக்கு ஓடினாள்; ராஜாவும் பின்னாலேயே வந்தான்.

துறையில் மூன்று படகுகள். மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்தவை. காற்று திரும்புவதற்குள் கிளம்பியாக வேண்டும். படகு கட்டும் ஓடாவிகள் மூன்று பேர், ஆளுக்கொரு படகில் இறங்கிப் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள்.

"இது நல்லாருக்கு மகாராஜா!" என்றார் பூமாலை.

"இது சுமார்," என்றார் ஆண்டியப்பன்.

"பரவாயில்லை," என்று முனகினார் சடையன்.

"பிறகென்ன, நல்லாருக்கிற படகிலே ஏறு!" என்றான் ராஜா.

"போறது நான்தானே? கொஞ்சம் பொறுங்க," என்ற ராணி, துறையாட்களுக்காக வைத்திருந்த மோர்ப் பானைகளைத் திறந்தாள். ஒன்று இன்று கடைந்தது. ஒன்று நேற்றையது. ஒன்று போன வாரம் யாரோ மறந்துபோனது. மூன்றிலும் ஓடாவிகளுக்கு ஒவ்வொரு வாய் கொடுத்தாள்.

பூமாலை இன்றைய மோருக்கு "அமிர்தம்!" என்றார். நேற்றைய மோருக்கு "அருமை!" என்றார். போன வாரத்து மோரைக் கண்ணில் நீர் வர விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு தாயே!" என்றார்.

ஆண்டியப்பன் மூன்றுக்கும் "சுமார்" என்றார். முகம்கூட மாறவில்லை.

சடையன் இன்றைய மோருக்குப் "பரவாயில்லை" என்றார். நேற்றையதற்கு "மோசம்" என்றார். மூன்றாவதைத் துப்பிவிட்டு, "தாயே, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்றார்.

ராணி சடையன் பார்த்த படகில் ஏறி உட்கார்ந்தாள்.

ராஜா பதறினான். "வெறும் பரவாயில்லையை நம்பியா கடல்லே இறங்குறே?"

"அவர் வாயிலே அதுக்கு மேல ஒரு சொல் வராதுங்க. பூமாலைக்கு 'நல்லாருக்கு'ங்கறதுக்குக் கீழே ஒரு சொல் கிடையாது. ஆண்டியப்பரோ, பாவம், ஒரே சொல்லை வச்சே குடும்பம் நடத்துறார்!"

படகு ஒரு சொட்டு ஒழுகாமல் தீவு சேர்ந்தது. பேரன் பிறந்தபோது ராணி மகளின் கையைப் பிடித்திருந்தாள்.

இங்கே ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. முதல் படகை ஆளில்லாமல் தண்ணீரில் தள்ளச் சொன்னான். நாலு பாகத் தூரம்கூடப் போகவில்லை, பலகை விரிந்து முங்கத் தொடங்கியது.

"என்ன பூமாலை இது?"

பூமாலை தலையைச் சொறிந்தார். "சாயாம, நல்லாத்தானே முங்குது மகாராஜா!"

நாலு பேரிடம் கருத்துக் கேட்டால், சொன்ன சொல்லை மட்டும் பார்க்காமல், சொன்னவர் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் சொல்கிறவர் என்று தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.