ஊரைக் காலி செய்த விகடகவி

முன்னொரு காலத்தில் ஒரு தலைநகரம் எள் விழ இடமில்லாமல் நிறைந்து கிடந்தது. ஒருநாள் அரசரின் பல்லக்கே கடைவீதியில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே சிக்கி, உச்சிவெயிலில் நகராமல் நின்றுவிட்டது. அரண்மனை திரும்பிய அரசர், "இந்த நகரில் மூச்சுவிடவும் இடமில்லையா?" என்று எரிந்து விழுந்தார்.

அவையின் விகடகவி மாசிலாமணியை எப்படியாவது ஒழித்துக்கட்டத் துடித்துக்கொண்டிருந்தவர் மந்திரி ஆவுடையார். அவர் மெல்ல எழுந்தார்.

"அரசே, வெளியூரார் வந்து குவிவதே காரணம். இந்நகரில் பிறவாதவர் அனைவரையும் வெளியேற்றுங்கள். அந்தப் பொறுப்பை மாசிலாமணியிடமே ஒப்படையுங்கள்."

செய்தால் ஊர் காறித் துப்பும். செய்யாவிட்டால் பதவி போகும். அதுதான் மந்திரியின் திட்டம்.

"அப்படியே ஆகட்டும். பௌர்ணமிக்குள் முடிய வேண்டும். ஒருவருக்கும் விலக்கில்லை," என்றார் அரசர்.

மாசிலாமணிக்கு எரிச்சல் தாங்கவில்லை. நெரிசலில் அவரும் நொந்துபோனவர்தான். நேரே பொதுக்கிணற்றுக்குப் போனார். அங்கே நீண்ட வரிசையில், நிறைமாத வயிற்றோடு பூவாயி என்ற பெண் குடத்துடன் நின்றிருந்தாள்.

"சொந்த ஊர விட்டுட்டு எதுக்கும்மா இங்க வந்து அவதிப்படுற?" என்று சலித்துக்கொண்டார்.

"ஆசைப்பட்டா சாமி வந்தோம்? எங்க ஊரு ஏரி தூர்ந்துபோச்சு. மழை பேஞ்சாலும் தண்ணி நிக்கல, வெள்ளாமை இல்ல. இங்க காத்துக்கெடந்தாவது ஒரு குடம் கெடைக்குது."

மாசிலாமணி வந்த வழியே திரும்பி நடந்தார். இவளையா விரட்டுவது?

மறுநாள் காலை அரண்மனை வாசலில் வண்டிகள் நின்றன. சமையற்காரர்கள் அண்டாக்களோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். யானைப்பாகர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் படுக்கையை வண்டியில் ஏற்றியது யார்?" என்று மந்திரி கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"தாங்கள் மேட்டுப்பட்டியில் பிறந்தவரல்லவா? ஏறுங்கள்," என்றார் மாசிலாமணி.

கடைசியில் பட்டு மெத்தை விரித்த வண்டி ஒன்று நின்றது. "இது யாருக்கு?" என்று வாசலுக்கு வந்த அரசர் கேட்டார்.

"தங்களுக்குத்தான், அரசே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தங்கள் தாயார் தங்களைப் பெற்றது அவருடைய பிறந்தகத்தில். ஒருவருக்கும் விலக்கில்லை என்று தாங்களே ஆணையிட்டீர்கள். வண்டியை ஓட்டப்போவது அடியேன். நானும் அம்மாவின் ஊரில் பிறந்தவன்தான்."

"அப்படியானால் நகரில் மிஞ்சப்போவது யார்?"

"பூவாயி என்பவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது, அரசே. அது இங்கேயே பிறந்தால், அது ஒன்றுக்கு மட்டும் தடையில்லை. தாலாட்டத்தான் ஆளிருக்காது."

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "சரி, வழிதான் என்ன?" என்றார்.

"ஏரிகளைத் தூர்ந்துபோக விட்டுவிட்டுத் தெருவில் நிற்பவர்களைத் திட்டினால் எப்படி அரசே? தூர் வாருங்கள், போக விரும்புவோர் தாமே போவார்கள். தங்குவோருக்குக் கோட்டைக்கு வெளியே புதுத் தெருவும் கிணறும் வேண்டும்."

அரசர் உடனே சம்மதித்தார். "மந்திரியாரே, வண்டியிலிருந்து இறங்க வேண்டாம். மேட்டுப்பட்டி ஏரியிலிருந்து தொடங்குங்கள்," என்றார். பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணி கழுத்தில் போட்டார். "மந்திரி திரும்பும்வரை அவர் மாளிகையில் நீரே குடியிரும். கால் நீட்டிப் படுக்கலாம்."

மாசிலாமணி பெருமூச்சு விட்டார்.

"பெரும் பாக்கியம், அரசே. என் மனைவியின் சொந்தக்காரர்கள் காதில் மட்டும் இது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அரசர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.