சேமக்கலம் ஒலிக்காத ஊர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் என்றாலும் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த வெற்றிலையோடு விழட்டும். நெடுங்காலத்துக்கு முன்னே மருதந்துறை என்ற நாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பொருளைப் பறிகொடுத்தவர் கோட்டைவாசலுக்கு வந்து, அங்கே தொங்கும் வெண்கலச் சேமக்கலத்தைத் தம் கையாலேயே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். சத்தம் சபை வரை அதிரும். ஒரு தட்டுக்கு ஒரு புளியங்கொட்டையை ராஜாவின் பக்கத்துப் பானையில் போடுவார்கள். தட்டினால்தான் அது திருட்டு. தட்டாதவரை யார்மீதும் காவலர் கைவைக்கக் கூடாது. ராஜாவின் முப்பாட்டன் போட்ட சட்டம் இது.

முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு பானை நிறையும். வயிரமேகன் என்பவன் காவல் தலைவனாக வந்தான், அன்றிலிருந்து ஆறு மாதமாகப் பானை காலி. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'திருட்டே இல்லாத நாடு' என்று அக்கம்பக்கத்து அரசர்களுக்கெல்லாம் ஓலை விட்டான். வயிரமேகன் காலில் பூட்டப் பொன்னிலே வீரக்கழல் செய்யச் சொன்னான். நாடு நிம்மதியாக இருப்பதைக் கொண்டாட வாசலில் நாள் முழுக்க மேளமும் நாயனமும் முழங்கட்டும் என்றான் வயிரமேகன். அதற்கும் சரியென்றான்.

ஊருக்குள்ளோ, கிணற்றில் வாளியை இறக்கினால் கயிறு மட்டும் மேலே வந்தது. ஒருவன் தும்மி முடிப்பதற்குள் அவன் தலைப்பாகை போய்விட்டது.

செக்காட்டி எண்ணெய் விற்கும் செங்கமலத்தின் இரண்டு மாடுகளைப் பட்டப்பகலில், சுற்றிக்கொண்டிருந்த செக்கிலிருந்தே அவிழ்த்துக்கொண்டு போனார்கள். சேமக்கலம் தட்டப் போன அவள் புருஷன் தாண்டவன் திரும்பவில்லை. தட்டுக்கழியைத் தொட்டதுமே வாசல் காவலர்கள் பின்னாலிருந்து முதுகில் அடித்துச் சிறையில் போட்டுவிட்டார்களாம். 'திருட்டில்லாத நாட்டைத் திருட்டு நாடென்று சொல்ல வந்த துரோகி' என்று குற்றச்சாட்டு. பௌர்ணமியன்று ஐம்பது கசையடி. ஏற்கெனவே நெஞ்சு வலிக்காரன். பத்தைக்கூடத் தாங்க மாட்டான்.

பௌர்ணமியும் வந்தது. வீரக்கழல் பூட்டும் விழாவும் அன்றுதான். செங்கமலத்துக்கு அழுகை வரவில்லை. ஈரப் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு சபைக்குள் நுழைந்தாள்.

"வா பெண்ணே, இந்தப் பானையைப் பார்," என்றான் ராஜா குஷியாக. "ஒரு கொட்டை இருக்கிறதா?"

"பானையும் காலி, மகாராஜா. எங்கள் வீடும் காலி."

வயிரமேகன் மீசையைத் தடவினான். "அடியே, திருட்டுப் போயிருந்தால் சேமக்கலம் ஒலித்திருக்குமே. ஒலித்ததா?"

"இல்லை ஐயா."

"அப்புறம் என்ன திருட்டு? மாடு சலித்துப்போய் நடந்து போயிருக்கும். உன் வாயைக் கேட்டால் எந்த மாடுதான் நிற்கும்?"

சபையோர் சிரித்தார்கள். ராஜாவும் சிரித்தான். அந்தச் சிரிப்பு செங்கமலத்துக்கு உச்சந்தலையில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது. நேரே முன்னால் நடந்துபோனாள். வயிரமேகன் முன்னே தாம்பாளத்தில் இருந்த வீரக்கழலை எடுத்தாள். மடியில் கட்டிக்கொண்டாள்.

"திருடி, பிடியுங்கள் அவளை," என்று அலறினான் வயிரமேகன்.

"யாரும் தொடக் கூடாது," என்றாள் அவள். "சேமக்கலம் ஒலிக்கவில்லையே ஐயா. உங்கள் கழல் சலித்துப்போய் என் மடிக்கு நடந்து வந்திருக்கும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "சட்டம் சட்டம்தான், வயிரமேகா. போய்த் தட்டிவிட்டு வா. பானையில் ஒரு கொட்டை விழுந்தால் என்ன குடியா முழுகிவிடும்?"

"போகட்டும் மகாராஜா... ஒரு கழல்தானே..." என்று இழுத்தான் அவன். ஆனாலும் பொன்னாயிற்றே, கண் அவள் மடியை விட்டு நகரவில்லை. எழுந்து போனான்.

"வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள், மகாராஜா," என்றாள் செங்கமலம். "நன்றாகக் கேட்கட்டும்."

மேளம் நின்றது. புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ராஜா காதைத் தீட்டினான். சேமக்கலம் ஒலிக்கவில்லை. "ஐயோ, அம்மா," என்று ஒரு குரல்தான் வந்தது. தொடர்ந்து தடியடிச் சத்தம்.

"அது என்ன சத்தம்?"

"ஆறு மாதமாகச் சேமக்கலத்துக்குப் பதிலாக இந்தச் சத்தம்தான் வருகிறது, மகாராஜா. இதற்கு நீங்கள் கொட்டை போடுவதில்லை."

ராஜாவின் கையிலிருந்த கொட்டை நழுவி விழுந்தது. வாசலுக்கு ஓடினான். பட்டு உடுத்திய வயிரமேகன் குப்புறக் கிடந்தான். அடித்துவிட்டு முகம் பார்ப்பது அந்தக் காவலர் வழக்கம், கற்றுக்கொடுத்தவனே அவன்தான். சிறையைத் திறந்தார்கள். உள்ளே முப்பத்தேழு பேர். அத்தனை பேரும் பறிகொடுத்தவர்கள். திருடன் ஒருவன்கூட இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த தாண்டவனைச் செங்கமலம் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பெண்ணே, கழலை நீயே வைத்துக்கொள்," என்றான் ராஜா தலையைத் தொங்கப்போட்டு.

"இதைப் பூட்டினால் செக்கு சுற்றுமா? எனக்கு மாடு வேண்டும். பானையைப் பார்த்த நேரத்தில் ஒரு நாள் தெருவைப் பார்த்திருந்தால் இவர் முதுகு இப்படி ஆகியிருக்காது, மகாராஜா."

ராஜா குப்புறக் கிடந்தவன் பக்கம் திரும்பினான். "மாடு கிடைக்கும்வரை வயிரமேகன் செக்கிழுக்கட்டும்," என்றான்.

ஆறு மாதமாக ஒரு கோழியைக்கூடக் கண்டுபிடிக்காதவன், மூன்றாம் நாளே இரண்டு மாடுகளும் கட்டியிருந்த தொழுவத்தைச் சொல்லிவிட்டான். அவன் மைத்துனன் தொழுவம் அது.

மறுவாரம் சேமக்கலம் ஓயாமல் ஒலித்தது. பானை வழிந்தது. "திருட்டு பெருகிவிட்டதே," என்று அமைச்சர்கள் கையைப் பிசைந்தார்கள்.

"பெருகவில்லை ஐயா. இப்போதுதான் எனக்குக் காது கேட்கிறது," என்றான் ராஜா.

அவ்வளவுதான் கதை. யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். வயிரமேகன் வம்சத்தார் இன்னும் ஏதாவதொரு வாசலில் தடியோடு நிற்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே முதுகு.