பத்து நிமிஷம் உட்கார ஓர் இடம்

மாலை நாலரைக்குப் பேரூராட்சி மன்றத்தின் அவசரக் கூட்டம். இரண்டரைக்கே நல்லமுத்துவின் ஆட்டோ மடத்து வாசலில் சீறிக்கொண்டு வந்து நின்றது.

மடத்தில் இருந்தவர் அமுதவல்லி அம்மை. நல்லமுத்துவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் அவரைத்தான் நல்லமுத்து குருவாக வரித்திருந்தார். தொழில் ஆட்டோ ஓட்டுவது. ஓராண்டாக ஏழாவது வார்டு உறுப்பினர்.

“அம்மா, ஊரே என் கையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு!”

மூடிப்போன கூரை ஓட்டு ஆலையின் ஒன்பது ஏக்கர் வெட்டவெளி விலைக்கு வந்திருந்தது. பேரூராட்சியே வாங்கிப் பூங்காவாகக் காப்பாற்ற வேண்டும் என்றார் தலைவர். மனை போட விட்டுவிடலாம் என்றது எதிர்த்தரப்பு. இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர். பதினைந்தாவது கை நல்லமுத்துவுடையது. விடிந்ததிலிருந்து அவருடைய போன் ஓயவில்லை.

“உங்க மனசு என்ன சொல்லுது?” என்றார் அம்மை.

“அதான் குழம்புது. சாக்கடைக்கு மனு வந்திருக்கு. தெருவிளக்குக்கு மனு வந்திருக்கு. இந்த வெட்டவெளி வேணும்னு ஒருத்தர்கூட மனு தரலயே! யாருமே கேக்காததுக்கு நான் எப்படிக் கை தூக்குறது?”

அம்மை எழுந்து போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

“எங்கம்மா போகணும்?”

“காசு குடுக்காம, யார்கிட்டயும் கேக்காம, பத்து நிமிஷம் உக்காரக்கூடிய இடத்துல நிறுத்துங்க.”

நல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவ்வளவுதானா? இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல ஓட்டுறேம்மா!”

ஆட்டோ பறந்தது. பேருந்து நிலையத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சுகளைக் காணோம். அந்த இடத்தில் மூன்று கடைகள் முளைத்திருந்தன. ஒரு கடை ஸ்டூலில் அம்மை உட்காரப் போனார். “டீயா, காப்பியா?” என்றார் கடைக்காரர்.

“கோயிலுக்குப் போவோம்!” கோயில் நடை சாத்தியிருந்தது.

பள்ளி மைதானத்தின் கேட்டில் பூட்டு. ஆற்றுப் படித்துறையை அடைத்துக்கொண்டு லாரிகள். வாய்க்கால் ஓரத்து மரத்தடியில் புதுக் கம்பிவேலி.

நல்லமுத்துவுக்கு வெறி பிடித்துவிட்டது. “இருங்கம்மா, இன்னொரு இடம் இருக்கு!” என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கத்தினார். ஒவ்வொரு இடத்திலும் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறினார். சட்டை வியர்வையில் ஊறிவிட்டது.

கடைசியில் வண்டி ஓட்டு ஆலையின் இடிந்த சுவர் வழியாக உள்ளே நுழைந்தது. இவ்வளவு ஆட்களை நல்லமுத்து அங்கே எதிர்பார்க்கவில்லை. போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள் அலறிக்கொண்டே ஸ்கூட்டர் பழகினாள். வாகை மரத்தடியில் ஒருவர் தவில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வந்தாள் பேச்சியம்மாள். நல்லமுத்துவின் மனைவி.

“நீ இங்க என்ன செய்யுத?”

“சுகருக்கு நடக்கணும்னு டாக்டர் சொன்னாருல்லா? ரெண்டு வருஷமா இங்கதான் வாரேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லயே!”

“இதுல சொல்ல என்ன இருக்கு? எடம் கெடக்கு, வாரேன்.”

நல்லமுத்து அம்மையைத் திரும்பிப் பார்த்தார். அம்மை மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாலரை ஆகப்போகிறது. நல்லமுத்து அவரை அங்கேயே விட்டுவிட்டு மன்றத்துக்கு வண்டியைக் கிளப்பினார்.

மன்றத்தில் அவர் கை உயர்ந்ததும் ஒரே கூச்சல்.

“பூங்கா வேணும்னு யாருய்யா மனு குடுத்தா?” என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் மேசையைத் தட்டினார்.

“என் வீட்டுக்காரி,” என்றார் நல்லமுத்து. “எழுதிக் குடுக்கல, அவ்வளவுதான்.”

எட்டுக்கு ஏழு. நிலத்தை வாங்கத் தீர்மானம் நிறைவேறியது. வெளியே யாரோ சரவெடியைக் கொளுத்தினார்கள். போட்ட மாலையைக்கூடக் கழற்றாமல் நல்லமுத்து வந்த வழியே ஆட்டோவை விரட்டினார்.

“ஜெயிச்சிட்டோம்மா!” என்று கத்திக்கொண்டே குறுக்கே ஓடிவந்து வெட்டவெளியின் நடுவில் நின்றார். கைகளை நாலாபக்கமும் வீசினார். “அங்க ஒரு பெரிய அலங்கார வளைவு! இங்க நீரூற்று! இந்த இடத்துல, நான் நிக்குற இதே இடத்துல, ஒரு மணிக்கூண்டு! வேற என்ன வைக்கலாம், சொல்லுங்கம்மா!”

அம்மை அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க,” என்றார். “அந்தப் பிள்ளைங்க ஓடி வாராங்க.”